லேமினேஷனும் வேண்டாம், கத்தரியும் வேண்டாம்

கேள்வி: என் அம்மாவின் அப்பா இரண்டாம் உலகப் போரில் பர்மா முனையில் ராணுவ லாரி ஓட்டியவர். 1943 கடைசியிலிருந்து 1945 வரை அவர் எழுதிய மூன்று சின்ன நோட்டுகள், பாட்டி காலமான பிறகு டிரங்குப் பெட்டியின் அடியில் கிடைத்தன. பெரும்பாலும் பென்சில் எழுத்து. தமிழ், இங்கிலீஷ், ஆங்கில எழுத்தில் இந்துஸ்தானி எல்லாம் கலந்து கிடக்கிறது. சில பக்கங்களில் எழுத்து ஊதாவாகக் கசிந்திருக்கிறது. இரண்டாவது நோட்டில் பத்திருபது தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பிரிய மறுக்கின்றன. அட்டையில் காய்ந்த சேறு. தாள்களைப் பிரித்து லேமினேட் செய்து, ஆளுக்கொரு நோட்டாக மூன்று வீட்டிலும் வைத்துக்கொள்ளலாம் என்கிறார் மாமா. போட்டோ எடுத்து ஃபேஸ்புக்கில் போட்டால் வேலை முடிந்தது என்கிறான் தம்பி. அம்மாவோ ஒரு பக்கத்தை மட்டும் கத்தரித்துவிடச் சொல்கிறார். காயம்பட்டுக் கிடந்த ஜப்பானியச் சிப்பாய் ஒருவரைத் தாத்தாவின் கூட இருந்தவர்கள் என்ன செய்தார்கள் என்று அதில் எழுதியிருக்கிறது. நான் எதைச் செய்வது, எதை விடுவது?

பதில்: முதலில் மாமாவைத் தடுங்கள். மற்றவர்களிடம் அப்புறம் பேசிக்கொள்ளலாம். லேமினேஷன் மட்டும் செய்த பிறகு திரும்ப எடுக்க முடியாதது. கடையில் இருக்கும் இயந்திரம் பசை தடவிய பிளாஸ்டிக் படலத்தைச் சூட்டில் உருக்கித் தாளின் நாருக்குள் இறக்கிவிடுகிறது. தாளில் ஏற்கெனவே இருக்கும் அமிலமும் ஈரமும் அதற்குள்ளேயே சிறைப்படும். வெளியே பளபளப்பாக இருக்கும், உள்ளே தாள் பழுத்து நொறுங்கிக்கொண்டிருக்கும். உங்கள் மாமாவை நான் குறை சொல்லவில்லை. 1930களில் அமெரிக்காவில் வில்லியம் பாரோ என்பவர் செல்லுலோஸ் அசிடேட் படலத்தைச் சூட்டாலும் அழுத்தத்தாலும் தாளோடு இணைக்கும் முறையைக் கொண்டுவந்தபோது பெரிய காப்பகங்களே அதை நம்பின. அப்படிப் படலம் போர்த்திய ஆவணங்களை உரித்தெடுப்பது இன்று எங்கள் ஆவணப் பாதுகாப்புத் தொழிலில் ஒரு தனி வேலை. டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்தில் சூடில்லாமல், அசிட்டோன் என்ற கரைப்பான் தடவிக் கையாலேயே செய்யும் முறை ஒன்று உருவானது. அது பயிற்சி பெற்றவர்கள் செய்வது, வேண்டுமென்றால் கழற்றவும் முடிவது. கடை லேமினேஷனுக்கும் அதற்கும் பெயரில் மட்டும்தான் உறவு.

அடுத்து அந்த ஊதா. நீங்கள் எழுதியதில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது இதுதான். அது சாதாரணப் பென்சில் அல்ல, காப்பியிங் பென்சில். கிராஃபைட்டோடு அனிலின் சாயம் கலந்து செய்தது. காய்ந்திருக்கும்போது சாம்பல் நிறத்தில் எழுதும். ஈரம் பட்டால் ஊதாவாக மாறித் தாளில் ஊறிவிடும், பிறகு ரப்பரால் அழியாது. மைப்புட்டி தூக்கித் திரிய முடியாத இடத்தில் மைக்குப் பதிலாக உதவியதால் இரண்டு உலகப் போர்களிலும் சிப்பாய்களிடமும் அலுவலகங்களிலும் அது ஏராளமாகப் புழங்கியது. இன்று உங்களுக்கு அது வைக்கும் நிபந்தனை ஒன்றே ஒன்று: தண்ணீர் கிட்டே வரக் கூடாது. ஈரத்துணியால் துடைப்பது, தாளை நிமிர்த்த ஆவி காட்டுவது, விரலை நாக்கில் தொட்டுப் பக்கம் புரட்டுவது எதுவும் ஆகாது. எந்தப் பக்கம் எந்தப் பென்சில் என்று ஈரம் வைத்துச் சோதித்துப் பார்க்கவும் வேண்டாம். மூன்று நோட்டையும் காப்பியிங் பென்சில் என்றே வைத்துக்கொண்டு நடத்துங்கள். சாதாரணப் பென்சில் பக்கங்களுக்கும் இந்தக் கட்டுப்பாட்டால் நஷ்டமில்லை. கிராஃபைட் வெளிச்சத்தில் வெளுக்காது, காலத்தைத் தாங்கும். உரசினால்தான் போய்விடும். அழுக்கு எடுக்கிறேன் என்று ரப்பரை எடுத்தால் அழுக்கோடு தாத்தாவும் போய்விடுவார்.

சேற்றை விட்டுவிடுங்கள். அட்டையில் கெட்டியாக ஒட்டியிருப்பது அங்கேயே இருக்கட்டும். உதிர்வதை மட்டும் ஒரு சின்ன உறையில் சேர்த்து, எந்த நோட்டிலிருந்து விழுந்தது என்று உறைமேல் எழுதி வையுங்கள். சொன்னால் வீட்டில் சிரிப்பார்கள், எனக்குத் தெரியும். முதல் உலகப் போரில் சண்டையிட்ட பிரிட்டிஷ் கவிஞர் சீக்ஃபிரீட் சாசூனின் போர்க்கால நோட்டுகளை கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகம் 2014இல் இணையத்தில் ஏற்றியபோது, பதுங்குகுழிச் சேற்றையும் மெழுகுவத்திக் கறையையும் துடைத்துவிட்டு ஏற்றவில்லை. அந்த நோட்டு எங்கே இருந்தது என்பதற்குச் சேறும் ஒரு சாட்சி. நோட்டுக்குள் ஏதாவது துண்டுச்சீட்டோ போட்டோவோ காய்ந்த இலையோ செருகியிருந்தால், எடுக்கும் முன் அது இருந்த இடத்திலேயே படம் எடுங்கள். பிறகு தனி உறையில் போட்டு, பக்க எண்ணை உறைமேல் எழுதுங்கள். அதே இடத்தில் திரும்பச் செருக வேண்டாம். பக்கத்துத் தாளில் கறை இறங்கும்.

ஒட்டிக்கொண்ட தாள்களை நீங்கள் பிரிக்கக் கூடாது. கத்தி முனை, ஸ்கேல், நகம் எதுவும் வேண்டாம். வேறு நோட்டாக இருந்தால் ஈரக்காற்றில் மெல்ல இளக்கிப் பிரிக்கலாம் என்று சொல்லியிருப்பேன். காப்பியிங் பென்சிலில் அந்த வழியும் அடைபட்டிருக்கிறது. காகிதப் பாதுகாப்பில் பயிற்சி பெற்ற ஒருவர் நேரில் பார்த்து முடிவு செய்ய வேண்டிய வேலை இது. ஆள் கிடைக்கும்வரை அந்தக் கட்டு அப்படியே இருக்கட்டும். எண்பது வருஷம் ஒட்டியிருந்தது இன்னும் இரண்டு வருஷம் ஒட்டியிருந்தால் குடி முழுகிவிடாது. ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது, “காப்பியிங் பென்சில் எழுத்தில் வேலை செய்திருக்கிறீர்களா?” என்று முதலில் கேளுங்கள். “என்ன செய்யப் போகிறீர்கள், செய்ததைத் திரும்ப எடுக்க முடியுமா?” என்று அடுத்துக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். இரண்டாவது கேள்விக்கு எரிச்சல்படுகிறவரிடம் நோட்டைக் கொடுக்காதீர்கள்.

பூஞ்சைதான் இன்னொரு கவலை. ஈரம் பட்ட நோட்டு என்றால் இருக்க வாய்ப்புண்டு. தூள்தூளாக, தொட்டால் உதிர்வதாக இருந்தால் பெரும்பாலும் காய்ந்து அடங்கியது. பிசுபிசுப்பாகவோ பஞ்சுபோலவோ இருந்தால் உயிரோடு இருக்கிறது. இரண்டாவது வகையாக இருந்தால் அந்த நோட்டை மற்ற இரண்டிலிருந்து உடனே பிரித்து, காற்றாடும் உலர்ந்த அறையில் வையுங்கள். வெயிலில் காய வைக்கக் கூடாது. ஊதாச் சாயம் வெளிச்சத்தில் வெளுக்கும். காய்ந்த பிறகு, முகக்கவசம் போட்டுக்கொண்டு, வெளியே காற்றோட்டமான இடத்தில், மெல்லிய தூரிகையால் எழுத்தில்லாத ஓரங்களில் மட்டும் தட்டிவிடலாம். எழுத்தின்மேல் தூரிகை வேண்டாம்.

வைக்கும் விதத்தில் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. ஒவ்வொரு நோட்டையும் அமிலமற்ற மெல்லிய தாளில் சுற்றி, மூன்றையும் ஒரே அமிலமற்ற அட்டைப் பெட்டியில் படுக்கையாக வையுங்கள். பழைய டிரங்குப் பெட்டிக்கு நன்றி சொல்லி ஓய்வு கொடுத்துவிடலாம். பரணில் சூடு, தரையில் ஈரம், வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியில் இரண்டும்; வீட்டின் நடு அறைதான் நல்லது. காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி நீடித்தால் பூஞ்சை கிளம்பும், 50க்குப் பக்கத்தில் இருந்தால் நிம்மதி. ஈரப்பதம் காட்டும் சின்னக் கருவி ஒன்றை அலமாரிக்குள் வைத்துவிடுங்கள். ரசகற்பூர உருண்டை வேண்டாம். அதன் ஆவி உங்களுக்கும் ஆகாது, நோட்டுக்கும் காவல் இல்லை. பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கி மூடவும் கூடாது. துருப்பிடித்த பின்னைப் பிடுங்கினால் தாளும் கூடவே வரும். அதுவும் அந்த நிபுணர் வேலையில் சேரட்டும். வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு பக்கம் புரட்டுவதெல்லாம் சினிமாவுக்கு அழகு. நொறுங்கும் தாள் விரலுக்குத் தெரிய வேண்டும். கையைக் கழுவி, நன்றாகக் காயவிட்டுத் தொடுங்கள்.

இப்போது உங்கள் தம்பிக்கு வேலை கொடுக்கலாம். படம் எடுக்க வேண்டும் என்று அவர் சொல்வது சரி. வேறு யார் கையும் படுவதற்கு முன்னால் அதுதான் நடக்க வேண்டும். ஃபோன் கேமரா போதும், ஆனால் கையில் பிடிக்காமல் நேர் மேலே ஸ்டாண்டில் பொருத்த வேண்டும். ஃபிளாஷ் கூடாது. இரண்டு பக்கமிருந்தும் சாய்வாக ஒரே மாதிரி வெளிச்சம். நோட்டு எந்த அளவு தானாக விரிகிறதோ அந்த அளவுக்கு மேல் அழுத்தி விரிக்க வேண்டாம். அதனால்தான் மூடி போட்டு நசுக்கும் ஸ்கேனரை நான் சொல்லவில்லை. முன்னட்டை, பின்னட்டை, முதுகு, காலிப் பக்கம் எல்லாமே எடுக்க வேண்டும். எழுத்தே தெரியாத பக்கங்களில் ஒரு காரியம் செய்து பாருங்கள்: அறையை இருட்டாக்கி, டார்ச்சைத் தாளின் மட்டத்தில் பக்கவாட்டில் பிடியுங்கள். பென்சில் தேய்ந்துபோன இடத்திலும் அது அழுத்திய பள்ளம் இருக்கும், நிழலில் எழுத்து எழுந்து வரும். தாளை வெள்ளையாக்கிக் காட்டும் ஸ்கேன் செயலிகள் வேண்டவே வேண்டாம். ஊதாவைக் கறை என்று நினைத்து அழித்துவிடும். படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பி அங்கிருந்து சேமித்தால் அளவு சுருங்கிவிடும். மூலப் படங்களையே மூன்று பிரதி வையுங்கள், அதில் ஒன்றாவது வேறொரு வீட்டில் இருக்கட்டும். மாமாவின் பங்கு ஆசைக்கும் இதுவே வழி. ஒவ்வொரு வீட்டுக்கும் மூன்று நோட்டின் முழுப் படங்களும் நல்ல அச்சுப் பிரதியும் போகட்டும், அசல் மூன்றும் ஒரே கூரையின் கீழ் இருக்கட்டும். பிரித்துக் கொடுத்த நோட்டு ஒரு தலைமுறைக்குப் பிறகு திரும்பச் சேர்ந்ததை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன்.

படத்துக்குப் பிறகு படியெடுப்பது. உங்களுக்கு உண்மையில் காத்திருக்கும் இன்பம் இதில்தான். திருத்தாதீர்கள். எழுத்துப்பிழை, கொச்சை, பாதியில் விட்ட வாக்கியம் எல்லாம் இருந்தபடியே வரட்டும். வரிக்கு வரி, பக்கத்துக்குப் பக்கம். சந்தேகமான சொல்லைச் சதுர அடைப்பில் போட்டுக் கேள்விக்குறி வையுங்கள். படிக்கவே முடியாததற்கும் அதே அடைப்பில் ‘தெளிவில்லை’ என்று எழுதுங்கள். ஊகித்து நிரப்பினால் நாளைக்கு உங்கள் ஊகமே தாத்தாவின் வாக்காகிவிடும். இந்துஸ்தானியை ஆங்கில எழுத்தில் எழுதியிருப்பது அவருடைய விசித்திரப் பழக்கம் அல்ல. அன்றைய இந்தியப் படையில் பல மொழி பேசியவர்களுக்கு ரோமன் உருது, அதாவது ஆங்கில எழுத்தில் எழுதும் இந்துஸ்தானிதான் பொது மொழியாகக் கற்றுக்கொடுக்கப்பட்டது. இந்தியோ உருதுவோ தெரிந்த ஒருவரை அந்த வரிகளை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். கண்ணுக்குப் பிடிபடாதது காதுக்குப் பிடிபடும்.

ஊர்ப்பெயர்களும் அப்படித்தான், காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். சில இடங்களில் பெயரே இருக்காது. பிரிட்டிஷ் படைகளில் போர்முனையில் நாட்குறிப்பு வைப்பதற்குத் தடை இருந்தது. எதிரி கையில் சிக்கினால் ஆபத்து. தடையை மீறி எழுதியவர்கள் பொடி எழுத்தில், இடத்தையும் படைப்பிரிவையும் மறைத்து எழுதியது உண்டு. அதனால் மௌனமாக இருக்கும் பக்கங்களை வெற்றுப் பக்கம் என்று தள்ளிவிடாதீர்கள்.

உங்கள் தாத்தா லாரி ஓட்டியவர் என்பது பெரிய அதிர்ஷ்டம், ஏனென்றால் அந்தப் போர்முனையின் கதை பாதிக்கு மேல் சாலைக் கதை. திமாப்பூர் ரயில் முனையிலிருந்து கோஹிமா வழியாக இம்பாலுக்குப் போகும் மலைச்சாலையை 1944 மார்ச் கடைசியில் ஜப்பானியப் படை துண்டித்தது. ஜூன் 22 அன்று, 109ஆம் மைல்கல் பக்கம், வடக்கிலிருந்து வந்த படையும் இம்பாலிலிருந்து வந்த படையும் சந்தித்த பிறகுதான் அது திறந்தது. இந்த இரண்டு தேதிகளுக்கு நடுவே அவர் என்ன எழுதியிருக்கிறார் என்று பாருங்கள். லாரி ஓடிக்கொண்டே இருந்தால் திமாப்பூர் பக்கம் இருந்திருக்கலாம். பெட்ரோல் பஞ்சம், அரை ரேஷன், விமானத்தில் வந்த சரக்கு என்று இருந்தால் இம்பால் முற்றுகைக்குள் மாட்டியிருந்திருப்பார். 1944 டிசம்பரிலோ அதற்குப் பிறகோ பெரிய ஆற்றையும் நீளமான இரும்புப் பாலத்தையும் பற்றி வந்தால், அது கலேவாவில் சிந்த்வின் ஆற்றின்மேல் போட்ட, துண்டு துண்டாகக் கொண்டுவந்து பூட்டும் பெய்லி பாலமாக இருக்கக்கூடும். மண்டலே 1945 மார்ச்சிலும் ரங்கூன் மே தொடக்கத்திலும் மீட்கப்பட்டன. தேதி போடாத பக்கங்களை இந்த முளைகளில் கட்டி வரிசைப்படுத்தலாம்.

அவர் இருந்த ராணுவக் கம்பெனியின், அதாவது படைப்பிரிவின், எண் எங்காவது கிடைத்தால் இன்னொரு கதவும் திறக்கும். ஒவ்வொரு படைப்பிரிவும் அதிகாரப்பூர்வமாக எழுதி வைத்த போர் நாட்குறிப்புகள் தனியாக உண்டு. தென்கிழக்கு ஆசியப் போர்முனைக்கானவை லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் டபிள்யூ.ஓ. 172 என்ற வரிசையில் இருக்கின்றன. அதிகாரி ஒருவர் ‘இன்று இத்தனை வண்டி அனுப்பப்பட்டது’ என்று முடித்துவிட்ட நாளில் உங்கள் தாத்தா இரண்டு பக்கம் எழுதியிருப்பார், அல்லது நேர் மாறாக. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கும்போது நோட்டு வேறு உயரத்துக்குப் போகும். கூட இருந்து இறந்தவர்களின் பெயரை அவர் எழுதியிருந்தால், காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியலில் தேடுங்கள். ரங்கூன் நினைவுச் சின்னத்தில் மட்டும் கல்லறை தெரியாத ஏறக்குறைய 27,000 பேரின் பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. தமிழ்ப் பெயர்களை ஆங்கிலத்தில் பல விதமாக எழுதியிருப்பார்கள், ஒரே எழுத்துக்கூட்டலில் தேடி நிறுத்திவிடாதீர்கள்.

இனி அம்மாவின் பக்கம். இதைக் கடைசிக்குத் தள்ளியது கடினமானது என்பதால்தான். கத்தரிக்காதீர்கள். நான் ஆவணக்காரன், வேறு எதைச் சொல்வேன் என்று நீங்கள் நினைக்கலாம். ஆனால் காரணம் உங்கள் தாத்தாவிடமே இருக்கிறது. போர் முடிந்து எத்தனையோ வருஷம் அந்த நோட்டு அவர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஒரு பக்கத்தைக் கிழிப்பது அவருக்குப் பெரிய வேலையா? அவர் கிழிக்கவில்லை. பர்மா முனையில் ஜப்பானியச் சிப்பாய்கள் கைதிகளாக மிகக் குறைவாகவே பிடிபட்டார்கள். அது ஏன் என்பதற்கு அதிகாரிகளின் அறிக்கைகளில் வராத சாட்சியம் இப்படிப்பட்ட பக்கங்களில்தான் வருகிறது. தவிர, நடுவில் ஒரு தாளை வெட்டினால் தையலில் அதன் மறுபாதியும் தளர்ந்து விழும், அதில் வேறு ஒரு நாள் இருக்கும்.

ஆனால் அம்மாவின் சங்கடத்தைத் தட்டிவிடவும் வேண்டாம். கிழிக்காமல் இருப்பதும் ஊருக்குக் காட்டுவதும் ஒன்றல்ல. அந்தப் பக்கத்தின் படத்தைத் தனிக் கோப்பில் பூட்டி வையுங்கள். வீட்டுக்கான அச்சுப் பிரதியில் ‘இங்கே ஒரு பக்கம் குடும்பத்தின் விருப்பப்படி விடப்பட்டிருக்கிறது’ என்று வெளிப்படையாக ஒரு வரி போடுங்கள். சத்தமில்லாமல் விட்டால் அது பொய். சொல்லி விட்டால் அது கட்டுப்பாடு. காப்பகத்துக்குக் கொடுக்கும்போதும் குறிப்பிட்ட பக்கங்களை இத்தனை ஆண்டு திறக்கக் கூடாது என்று நிபந்தனை எழுதலாம், அது வழக்கத்தில் உள்ளதுதான். அந்த ஆண்டுக்கணக்கை அம்மாவே சொல்லட்டும். கிழிக்கச் சொன்னவருக்கு முடிவில் ஒரு பங்கு கிடைத்தால் மனம் ஆறும் என்பது என் அனுபவம். முடிந்தால் அவரை உட்கார வைத்து, தாத்தா போரைப் பற்றி வாயால் சொன்னது, சொல்ல மறுத்தது, தூக்கத்தில் உளறியது எல்லாவற்றையும் குரலில் பதிவு செய்யுங்கள். நோட்டைவிட அவசரம் அந்தப் பதிவுக்குத்தான்.

ஃபேஸ்புக் இப்போதைக்கு வேண்டாம் என்று தம்பியிடம் சொல்லுங்கள். நோட்டில் வேறு சிப்பாய்களின் பெயர், அவர்களுடைய நோய், குடி, வீட்டுச் சண்டை எல்லாம் இருக்கும். அவர்களுக்கும் பேரன் பேத்தி உண்டு. சட்டப்படி பார்த்தாலும், உயில் எதுவும் இல்லாவிட்டால் தாத்தா எழுதியதன் பதிப்புரிமை நோட்டை வைத்திருப்பவர் ஒருவருக்கே உரியதல்ல, வாரிசுகள் எல்லோருக்கும் உரியது. மாமா கையெழுத்துப் போடாமல் தம்பி வெளியிடுவது சண்டைக்கு வழி.

அசலை வீட்டிலேயே வைப்பதா, கொடுத்துவிடுவதா என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் அடுத்த தலைமுறையில் யாருக்கும் அக்கறை இல்லாத நாள் வரலாம், அதற்கு இப்போதே ஒரு ஏற்பாடு வேண்டும். டெல்லி தேசிய ஆவணக் காப்பகம் தனியார் தாள்களையும் ஏற்கிறது. லண்டனில் இம்பீரியல் போர் அருங்காட்சியகம் சாதாரணச் சிப்பாய்களின் நாட்குறிப்புகளைப் பல பத்தாண்டுகளாகச் சேர்த்துவருகிறது. இத்தாலியில் பியேவே சாந்தோ ஸ்தேஃபானோ என்ற சிற்றூரில் 1984இல் சாவேரியோ துத்தீனோ தொடங்கிய காப்பகம் பொதுமக்களின் நாட்குறிப்புகளுக்கென்றே நடக்கிறது. நம்மிடையே அப்படி ஒன்று இருந்திருக்கலாம் என்று எனக்கு நெடுநாள் ஏக்கம். எங்கே கொடுத்தாலும் நான்கு விஷயம் எழுத்தில் வேண்டும்: தானமா அல்லது பாதுகாப்புக்கான ஒப்படைப்பா, யார் எப்போது பார்க்கலாம், படப் பிரதி குடும்பத்துக்கு வருமா, அவர்களுக்கு வேண்டாம் என்றானால் உங்களிடமே திருப்பித் தருவார்களா. கடைசியாகச் சொன்னதைப் பெரும்பாலான குடும்பங்கள் கேட்காமல் விட்டுவிடுகின்றன. மூன்று வீட்டாரும் அந்தத் தாளில் கையெழுத்திட்டு, அதன் நகல் ஒன்றை நோட்டுகளோடு அதே பெட்டியில் வையுங்கள்.